ஏழாம் வாய்ப்பாட்டுத் தூக்கம்

ஆறேழு நாற்பத்திரண்டு வரைக்கும் செலஸ்டின் வாத்தியாரின் காதில் விழுந்தது. ஏழேழு விழவில்லை. அவர் கண்ணைத் திறந்தபோது மணி அடித்து ஓய்ந்திருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரும் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லாச் சொன்னீங்க," என்றார், வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு.

அது 1976. செர்டாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. அங்கே கணக்கு என்றால் வாய்ப்பாடு. வாய்ப்பாடு என்றால் வகுப்பே சேர்ந்து ஒரே ராகத்தில் பாடுவது. செலஸ்டின் படித்ததும் அப்படித்தான், படிப்பிப்பதும் அப்படித்தான். குறை சொல்லவும் ஆளில்லை. போன தவணைப் பரீட்சையில் வட்டாரத்திலேயே கணக்கில் முதலாவது இவர் வகுப்புதான்.

அந்த அதிசயத்தைப் பார்க்க வியாழக்கிழமை மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரிலிருந்து கல்வி அதிகாரி அழகேசன் வருகிறார். அவர் மெச்சினால் வருஷக் கடைசியில் காலியாகும் தலைமையாசிரியர் பதவி செலஸ்டினுக்கு. தூங்குவதைப் பார்த்துவிட்டால் இருக்கிற வேலைக்கே ஆபத்து.

மற்ற வாய்ப்பாடுகளில் அவர் சமாளித்துவிடுவார். ஏழில்தான் ஏதோ ஒரு தாலாட்டு இருந்தது. பாட்டு முதலில் சன்னல் பக்கமிருந்து வரும், பிறகு சுவர்ப் பக்கமிருந்து, ரப்பர்க் காட்டில் மழை இடம் மாறுவதுபோல. அதற்குமேல் அவர் பொறுப்பில்லை.

"பால் ஊத்தாம கட்டியா கோப்பி ஓ போட்டுத் தரேன், குடிங்க," என்றாள் மனைவி ஜோசபின். "தூக்கம் எட்டிப் பார்க்காது."

பார்க்கவில்லைதான். நாலு கிளாஸ் குடித்தவருக்கு விடிய விடியத் தூக்கமில்லை. அந்தத் தூக்கமெல்லாம் மறுநாள் பத்து மணிக்கு வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்தது. அன்றைக்கு மூவேழையே அவர் தாண்டவில்லை.

செவ்வாய்க்கிழமை, உட்கார்ந்தால்தானே தூக்கம் என்று நின்றுகொண்டே பாடம் நடத்தினார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஜோசபின் அவரைப் பிடித்துத் திருப்பினாள்.

"என்னங்க, முதுகு பூரா சாக்கட்டி?"

கரும்பலகையில் இருந்த ஏழாம் வாய்ப்பாடு சட்டைக்கு மாறியிருந்தது.

"சும்மா கொஞ்சம் சாஞ்சேன்."

"கொஞ்சமா? எண்பத்து நாலு வரைக்கும் இருக்கு. பெரிய வாத்தியாருக்குன்னு தர்ற வீட்டுல பைப்புத் தண்ணி உள்ளேயே வருதாம். நான் ஜன்னலுக்குத் துணிகூட அளந்துட்டேன். இந்த முதுகோட போய் நின்னா யாரு வீடு தருவாங்க?"

புதன்கிழமை, பிள்ளைகளைத் தொண்டை கிழியக் கத்தச் சொன்னார். சத்தம் தகரக் கூரையில் ஏறி, அடைமழையாக இறங்கியது. அடைமழையில் யார்தான் விழித்திருப்பார்கள்?

அவரைத் தட்டி எழுப்பியது மருதம்மாள். தாய்மார் ரப்பர்ப் பால் வெட்டப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா அவள்தான்.

"சார், எங்க கொட்டகையில பதினோரு புள்ளைங்களும் அசந்து தூங்குது லா. அந்தக் கடைசி வீட்டுப் பொடிசுகூட. நாளைக்கும் இதே சத்தத்துல போடச் சொல்லுங்க."

"நாளைக்கு அதிகாரி வராரு ஆயா."

"வரட்டுமே. அவருக்கும் கேக்கட்டும்."

வியாழக்கிழமை அழகேசன் வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் கோப்பு, அலோர் ஸ்டாரிலிருந்து இடுப்பொடியப் பயணம். செலஸ்டின் தொடையைக் கிள்ளிக்கொண்டே கையசைத்தார்.

"ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு."

சன்னல் பக்கம் மழை தொடங்கியது. தொடை வலிப்பது யாருக்கோ வலிப்பதுபோல் இருந்தது. மரங்கள் ஏழேழு வரிசையாக நின்றன. அவற்றில் ஏழுகள் பால் வெட்டும் கத்திகளாகத் தொங்கின. மரத்தில் கட்டிய ஒவ்வொரு மங்கிலும் பால் சொட்டுச் சொட்டாக நிறைந்தது. ஜோசபின் பைப்பைத் திறந்தாள். அதிலும் பால் வந்தது. எல்லாம் சரியாக நடக்கிறது என்று அவருக்கு அவ்வளவு நிம்மதி.

மணி அடித்தது. திடுக்கிட்டு எழுந்தவருக்கு எல்லாம் போயிற்று என்றே பட்டது. பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அழகேசன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கோப்பு தரையில் கிடந்தது.

செலஸ்டின் மெதுவாக இருமினார். அழகேசன் கண்ணைத் திறந்து, கோப்பை எடுத்துத் தட்டினார்.

"கண்ணை மூடிக் கேட்டாத்தான் உச்சரிப்புத் தெரியும்," என்றார்.

"நானும் அப்படித்தான் சார்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எதையாவது கேட்டாக வேண்டுமே என்று அழகேசன் முன்வரிசைச் சிறுமி சீதாலட்சுமியை எழுந்து நிற்கச் சொன்னார்.

"பண்டார் பாரு போற பஸ்ஸுல நாற்பத்து மூணு பேரு. செர்டாங்குல பதினேழு பேரு இறங்கி, ஒம்பது பேரு ஏறினாங்க. இப்ப எத்தனை?"

இதைச் செலஸ்டின் சொல்லித் தந்ததே இல்லை. இது எந்த வாய்ப்பாட்டிலும் வராது.

"முப்பத்தஞ்சு சார்," என்றாள் அவள், மூச்சுக்கூட விடாமல். "டிரைவரைச் சேர்க்கலன்னா."

அழகேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் நாலு பேரைக் கேட்டார். நாலும் சரி.

"பிரமாதம் செலஸ்டின். பழைய முறைன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. வாய்ப்பாட்டைப் பாடிப் பாடியே இவ்வளவு மூளையா? ரிப்போர்ட்டுல எழுதிடறேன்."

செலஸ்டின் அடக்கமாகத் தலை குனிந்தார். பெரிய வாத்தியார் வீட்டுச் சன்னலில் புதுத் துணி ஆடுவது அவருக்குத் தெரிந்தது.

அழகேசன் பேனாவைத் திறந்துகொண்டே சிறுமியிடம் கேட்டார். "ஏம்மா, வாய்ப்பாடு பாடினா கணக்கு எப்படிம்மா வருது?"

"பாட்டு கணக்குக்கு இல்ல சார். பாதிப் பேரு பாடி சாரைத் தூங்க வெச்சாத்தான், மீதிப் பேரு கணக்குப் படிக்க முடியும்."