நாலாவது நடைக்கு வராத பேட்டரி

சுங்குவார்சத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை வசந்தகுமார் அவர்களுக்கு மாமனார் சுப்பராயன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், உங்கள் அத்தை காவேரி சௌக்கியம், வண்டி மட்டும் சௌக்கியமில்லை. ஓசூரில் நீங்களும் என் மகள் கனகலட்சுமியும் நலமாக இருக்க முருகன் துணை நிற்பான். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுகிறீர்கள் என்பதால் காகிதத்தில் எழுத வேண்டியதாயிற்று.

நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு இந்த மாசியோடு இரண்டு வயது. ஒரு சார்ஜுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் என்றார்கள், ஓடவும் ஓடியது. ஒரகடத்துப் பெண்கள் ஹாஸ்டலில் சமையல் பார்க்கும் உங்கள் அத்தையைக் காலையில் கொண்டுபோய் விட்டுத் திரும்புவேன், சாயங்காலம் போய் அழைத்து வருவேன். நடைக்குப் பதினான்கு கிலோமீட்டர், நாலு நடை. தீபாவளி வரை நாலும் போய் மிச்சமும் இருந்தது. இப்போது நாலாவது நடையில், வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது கார் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறது. நான் பிடித்துத் தள்ள, அத்தை சாப்பாட்டுக் கூடையோடு பின்னால் நடந்து வருகிறாள். "இன்னாயா, வண்டில நான் போறனா, வண்டிய நான் இட்டுக்கினு போறனா?" என்று கேட்கிறாள்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே தாவீது என்றொரு மெக்கானிக், லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு, "பேட்டரி ஹெல்த்து தொண்ணூத்தி நாலு பர்சன்ட் கீது சார், சூப்பரு. இன்னும் ஆயிரம் சைக்கிள் வரும்" என்றான். எனக்கு இந்த ஒரு ஸ்கூட்டர் ஒழுங்காக வந்தால் போதும், ஆயிரம் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று சத்தம் போட்டேன். காலியிலிருந்து முழுதாக ஏற்றினால் ஒரு சைக்கிளாம், பாதி பாதியாக இரண்டு தடவை ஏற்றினாலும் அது ஒன்றுதானாம். வருஷம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இளைக்குமாம், சூடும் அடியோடு காலியாக விடுவதும்தான் கெடுதலாம். எல்லாம் சரி மாப்பிள்ளை, தொண்ணூற்று நாலு மார்க் வாங்கியவன் எவனாவது நடுரோட்டில் படுப்பானா?

இருந்தாலும் சொன்னபடி செய்தேன். பகல் வெயிலில் சார்ஜ் போடுவதை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி ஹாலில் வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். லீவு நாளில் அதைப் பார்த்த அத்தை, "கல்யாணம் ஆயி முப்பது வருசத்துல எனக்கு ஒரு நாளு விசிறி எடுத்து வீசிக்கீறியா?" என்று ஆரம்பித்தாள், ராத்திரி சாப்பாடு வரை முடிக்கவில்லை. எண்பது சதவீதத்தோடு நிறுத்தினால் ஆயுள் கூடும் என்றான் தாவீது. நிறுத்தினேன், அன்று மூன்றாவது நடையோடு ஹாஸ்டல் வாசலிலேயே உயிரை விட்டது.

ஓட்டுகிற விதம்தான் காரணம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தீபாவளிக்குக் கனகா போனில் "மெதுவா ஓட்டுப்பா" என்றதிலிருந்து நான் ஹேண்டிலில் இருக்கும் இ, எஸ் இரண்டில் எஸ் பட்டனைத்தான் அழுத்தி ஓட்டுகிறேன். இ என்றால் எக்ஸ்பிரஸ், எஸ் என்றால் ஸ்லோ. முப்பத்திரண்டு வருஷம் கம்பெனி ஸ்டோர்ஸில் இங்கிலீஷோடு குப்பை கொட்டியவனுக்கு இதுகூடவா தெரியாது! ஆனால் ஒரு விபரீதம், பேட்டரி இளைக்க இளைக்க வண்டிக்கு வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. கடைசிக் காலத்து வெறி என்று நினைக்கிறேன். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் திருநெல்வேலிப் பெண் பாண்டிச்செல்விகூட, "அய்யா, ஒங்க வண்டி என்னா போக்கு போவுது! கம்பெனி பஸ்ஸயே முந்திட்டுல்லா!" என்று வாயைப் பிளந்தாள்.

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் வேலை செய்கிறவர்களுக்கு வேன் விடப் போகிறார்கள். அத்தை அதற்குப் பெயர் கொடுக்கிறேன் என்கிறாள், செவ்வாய்க்கிழமை கடைசி நாள். ஓய்வு பெற்றபிறகு எனக்கு இருக்கிற ஒரே டூட்டி அவளைக் கொண்டுபோய் விட்டு அழைத்து வருவதுதான். அதுவும் போனால் நான் காலையில் எழுந்து சட்டை போடுவதற்கே காரணமில்லை. ஆகவே வாரண்டி சீட்டு உங்களிடம் இருப்பதால், கம்பெனிக்குக் காரமாக நாலு வரி எழுதி உடனே பேட்டரியை மாற்றித் தர ஏற்பாடு செய்யுங்கள்.

நீங்களும் கனகாவும் நோய்நொடி இல்லாமல் நூறு சதவீத சார்ஜோடு வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்
சுப்பராயன்

பி.கு.: மாப்பிள்ளை, இதைத் தபாலில் போடுவதற்குள் புதன்கிழமை ஆகிவிட்டது. கம்பெனிக்கு ஒன்றும் எழுதவேண்டாம். மேலே படித்த வேகத்தில் எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்டு இன்னொன்று எழுதுங்கள். திங்கட்கிழமை நான் எஸ்ஸை அழுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பாண்டிச்செல்வி, "அய்யா, எஸ்ஸுன்னா ஸ்போர்ட்ஸுல்லா! ரேஸ் ஓட்டுத பயலுவ போடுதது. இ-ன்னாதான் எகானமி, சிக்கனம்!" என்றாள். ஹாஸ்டலே சிரித்தது. அன்றிலிருந்து இ-யில் போகிறேன், நாலு நடை முடிந்தும் முப்பத்திரண்டு சதவீதம் மிச்சம். பதினைந்து நிமிஷத்தில் முடிந்த நடை இப்போது இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. முன்பெல்லாம் காற்றிரைச்சலில் அத்தை பேசுவது காதில் விழாது, நேற்று சாயங்காலம் ஒரகடத்திலிருந்து வீடு வரை என்னைத் திட்டியது ஒரு வார்த்தை விடாமல் விழுந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும், வேனுக்குப் பேர் கொடுத்துவிட்டாயா என்று பயந்துகொண்டே கேட்டேன். "வேன்ல போனா யார இப்டி திட்டிக்கினு வர்றது?" என்றாள்.