கஸ்தூரிரங்கனும் கற்காலமும்

அமெரிக்காவில் குடியேறிய தமிழ் ஆண்களில் 'எப்படி வந்தது தெரியுமா' என்றொரு வகை உண்டு. நியூ ஜெர்சியில் சற்று அதிகம். நெருப்பு எப்படி வந்தது, ஏர் எப்படி வந்தது, எழுத்து எப்படி வந்தது என்று எதை எடுத்தாலும், முதன்முதலில் அதைச் செய்த ஆதிமனிதனின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர்போலச் சொல்வார்கள். நீங்கள் தப்பித்திருக்க வழியில்லை. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு யாராவது அழைத்திருந்தால், காகிதத் தட்டோடு சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் கஸ்தூரிரங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 1999ஆம் வருடம். ஒரு மருந்துக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் இரண்டு இலக்கமாக இருந்த வருடங்களை நான்கு இலக்கமாக்குவது அவர் வேலை. முன்யோசனை இல்லாதவர்கள் செய்து வைத்ததைத் திருத்துகிற உத்தியோகம் என்பதால் மனித குலத்தின் மேல் அவருக்கு ஓர் அலுப்பு உண்டு. ஆனாலும் பெரிய மனது பண்ணி, வாரக்கடைசியில் அதன் வரலாற்றை எங்களுக்குச் சொல்லுவார்.

"எந்த சொசைட்டிய வேணா எடுத்துக்கோங்கோ. எவனுக்கு முதுகு வலிச்சுதோ அவன்தான் புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சான். வலிதான் சார் எஞ்சின். வலிக்காதவன் எதையும் மாத்த மாட்டான்."

அவர் இதைச் சொல்லும்போது சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே அவர் மனைவி ஷ்யாமளா, வலது மணிக்கட்டில் டாக்டர் கொடுத்த பட்டையோடு, பதினெட்டுப் பேருக்குச் சமைத்த பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருப்பார். ஆறு வருடம் காத்திருந்து அவருக்கு வேலை பார்க்கும் அனுமதி அப்போதுதான் வந்திருந்தது. ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலையும் கிடைத்து, மூன்று வாரத்தில் சேர வேண்டும். நாளெல்லாம் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி மருந்தைச் சொட்டுவிடுகிற வேலை. கைக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் அதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த வீட்டில் டிஷ்வாஷர் இல்லையா? ஏன் இல்லை, வீட்டோடு வந்ததே! மேல்தட்டில், கையால் கழுவிய டம்ளர்கள் காயும். கீழ்த்தட்டில் காலித் தயிர் டப்பாக்கள். நான்கு வருடமாக அதற்குள் தண்ணீர் வந்ததில்லை. "நம்மாத்து எண்ணெய்ப் பிசுக்கு அதுல போகாது. தண்ணி வேற வேஸ்ட். கையால தேய்ச்சாதான் தேய்ச்ச மாதிரி" என்று கஸ்தூரிரங்கன் தீர்ப்பளித்திருந்தார். யார் கையால் என்று தீர்ப்பில் இல்லை.

அப்படியொரு சனிக்கிழமை பேச்சு குயவனின் சக்கரத்துக்கு வந்திருந்தது. புதிதாக வந்திருந்த நஞ்சுண்டன் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். ஷ்யாமளா ஈரக்கையோடு வந்து நின்றார்.

"ஏன்னா, ஒரு டவுட். பானை வந்துடுத்து, சரி. அதை யாரு தேய்ச்சா?"

"அதுக்கு... எவிடென்ஸ் கிடைக்கலை."

"தேய்ச்சவளுக்குக் கை வலிச்சிருக்குமே. உங்க தியரிப்படி அவளும் ஏதாவது கண்டுபிடிச்சிருக்கணுமோல்லியோ?"

"கண்டுபிடிச்சிருப்பா."

"ஆத்துக்காரர் தண்ணி வேஸ்ட்னிருப்பார்."

நஞ்சுண்டன் சிரித்துவிட்டார். கஸ்தூரிரங்கனுக்கு ரோஷம் வந்தது. எழுந்து போய்த் தயிர் டப்பாக்களை வெளியே தள்ளி, குக்கர், வாணலி, கரண்டி எல்லாவற்றையும் உள்ளே திணித்தார். மேனுவலைப் பார்க்கலாமே என்றேன். "மேனுவல் படிச்சா சார் ஆதிமனுஷன் நெருப்பு மூட்டினான்?" என்றார். தொட்டியருகே இருந்த பச்சைச் சோப்புத் திரவத்தைப் பாதிப் புட்டி ஊற்றினார். பொத்தானை அமுக்கினார்.

ஐந்து நிமிடத்தில் கதவுக்கு அடியிலிருந்து நுரை வந்தது. முதலில் கொஞ்சமாக, பிறகு தரை முழுக்க, பிறகு சாப்பாட்டு மேஜையின் காலைச் சுற்றிக்கொண்டு ஹாலுக்கே வந்தது. சரித்திரம் கேட்க வந்தவர்கள் சோபாவில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டோம்.

ஷ்யாமளா இயந்திரத்தை நிறுத்தினார். தொட்டிக்குக் கீழேயிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். டிஷ்வாஷருக்கென்றே விற்கிற பொடி, பிரிக்காமல் இருந்தது. கூடவே மேனுவல், பென்சிலால் அடிக்கோடு போட்டு.

"ரெண்டு வருஷமா வெச்சிருக்கேன். என்னிக்காவது சரின்னு சொல்வேள்னு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கஸ்தூரிரங்கன் துண்டை எடுத்துக்கொண்டு மண்டியிட்டுத் துடைக்க ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

மறுநாளிலிருந்து டிஷ்வாஷர் ஓடுகிறது. மூன்று வாரம் கழித்து ஷ்யாமளா வேலையில் சேர்ந்தார். அடுத்த விருந்தில் கஸ்தூரிரங்கன் சோபாவின் நடுவில் உட்கார்ந்து ஆரம்பித்தார்: "எங்காத்துல டிஷ்வாஷர் எப்படி வந்தது தெரியுமோ? அன்னிக்குத் தரை துடைச்சதுல எனக்கு முட்டி வலி!"

சிரிக்கிறீர்கள். நல்லது. இதை வாசிக்கும்போதே, "இங்க வந்து இதைக் கேளேன்" என்று உள்ளே இருப்பவரைக் கூப்பிட வாயெடுத்தீர்களே, அவர் கையில் இப்போது என்ன வேலை இருக்கிறது?