மணிக்கூண்டில் நேர்ந்த கோளாறு குறித்து

நீடர்ஹோல்ஸ்,
நவம்பர் 14

வட்டார வார இதழின் ஆசிரியர் திரு. ஃபோல்கர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

வணக்கம். தங்கள் நலமும், தங்கள் இல்லத்தார் நலமும், அடிக்கடி மக்கர் செய்யும் தங்கள் அச்சு இயந்திரத்தின் நலமும் அறிய விழைகிறேன். இவ்வூர் தேவாலயத்தின் லூத்தரன் பக்கத்துக் கோயில்பிள்ளையாக முப்பத்தொரு வருடம் கதவு திறந்து, மெழுகுவத்தி கொளுத்தி, மணி அடித்துவரும் ரைன்ஹோல்ட் எழுதிக்கொள்வது. சென்ற இதழின் மூன்றாம் பக்கத்தில், முயல் வளர்ப்போர் சங்கத்தின் பரிசளிப்புக்குக் கீழே, 'மணிக்கூண்டில் விஷமிகள்' என்ற செய்தியைக் கண்டு மனம் நொந்தேன். விஷமிகள் யாரும் இல்லை. நடந்தது தொழில்நுட்பக் கோளாறு. நீ என் தங்கை மகன் என்பதற்காக இதை மேசை இழுப்பறையில் போட்டு அமுக்கிவிடாமல், மற்ற வாசகர் கடிதங்களைப் போல வெளியிட வேண்டும்.

உனக்குத் தெரியாதது இல்லை, ஊருக்குப் புதிதாக வந்தவர்களும் படிப்பார்களே என்று சொல்கிறேன். நம் தேவாலயம் ஒன்று, சபை இரண்டு. முந்நூறு வருடத்துக்கு முந்திய ஒப்பந்தப்படி பீடத்துப் பக்கம் கத்தோலிக்கருக்கு, வாசல் பக்கம் எங்களுக்கு, நடுவே தரையில் ஒரு பித்தளைக் கோடு. ஒன்பதரை வரை அவர்கள் பூசை, பத்துக்கு எங்கள் ஆராதனை, இடையில் அரை மணி நேரம் சாம்பிராணிப் புகை போக ஜன்னல்களைத் திறந்து வைப்பது. பெரிய மணி எங்களுடையது, சின்ன மணி அவர்களுடையது. சாவு மணிக்கான பொத்தான் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று அவர்கள் பக்கத்துக் கோயில்பிள்ளை அலோயிஸிடம். அலோயிஸும் நானும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. ஓர் ஈஸ்டருக்கு அவனுடைய மெழுகுவத்தி கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வழிந்தது, நான் அந்த மெழுகைச் சுரண்டி உறையில் போட்டு அவன் வீட்டுக்கே தபாலில் அனுப்பினேன், அவன் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டான். முகம் பார்க்காத இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து பெட்டியைத் திறந்திருக்க முடியுமா? நீயே யோசித்துப் பார்.

இரு பக்கத்தையும் துடைத்துப் பெருக்குவது மிரொஸ்லாவா என்ற உக்ரைன்காரப் பெண்மணி. ஆள் ஒன்று, வாளி இரண்டு. அவர்கள் தரைக்குச் சிவப்பு, எங்கள் தரைக்கு நீலம். கத்தோலிக்க அழுக்குத் தண்ணீர் கோட்டைத் தாண்டக் கூடாது என்று எங்கள் கமிட்டி போட்ட விதி, அதை எழுதி ஒட்டியவனும் நான்தான். அவள் வந்து மூன்றரை வருடம் ஆகிறது. வந்த புதிதில் நம் ஊர் எப்படி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? போர் நிற்கத் தினமும் சாயங்காலம் ஜெபம், ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு, அவள் ஒருத்திக்கு ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்த நாலு இஸ்திரிப் பெட்டி. பிறகு ஜெபம் வாரம் ஒன்றானது, மாதம் ஒன்றானது. இப்போது அறிவிப்புகளின் கடைசியில், யாரோ மறந்துவிட்டுப் போன குடைக்கு அடுத்தபடியாக, ஒரு வரி வாசிக்கிறோம். போர் அப்படியேதான் நடக்கிறது, எங்களுக்குப் பழகிவிட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகன் ஒஸ்தாப். இருபத்தாறு வயது, மின்சார வேலை பார்த்தவன், போன வருடம்தான் படைக்குப் போனான். வெள்ளிக்கிழமை அடக்கம். இங்கே மாமியார் படுத்த படுக்கை, பஸ்ஸில் போனால் இரண்டு நாள், போக வழியில்லை. உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"ஐயா, எங்க ஊர்ல மணி இல்ல. கோபுரத்து மேலயே குண்டு விழுந்திருச்சு. அவன மண்ணுல வைக்கிற நேரம் அங்க நாலு, இங்க மூணு. அப்ப இங்க கொஞ்சம் அடிச்சாப் போதும். எனக்குக் கேட்டாப் போதும்."

அது என் கையில் இல்லை, கமிட்டியிடம் கேட்கிறேன் என்றேன். மறுநாள் சாயங்காலம் இரு கமிட்டியும் அவசரமாகக் கூடின. எங்கள் தலைவி கெர்லின்ட் அம்மா ஆரம்பித்தார்.

"பாவம்தான். ஆனா அந்தம்மா ஆர்த்தடாக்ஸ். எங்க பதிவேட்டுலயும் பேரில்ல, உங்க பதிவேட்டுலயும் பேரில்ல."

"அதேதாங்க நானும் சொல்ல வந்தேன்" என்றார் கத்தோலிக்கத் தலைவர் நோர்பெர்ட். "இன்னிக்கு இவங்க பையனுக்கு அடிச்சா, நாளைக்கு சிரியாக்காரங்க வந்து கேப்பாங்க. உலகத்துல சாவுக்கா பஞ்சம்? மணி தேஞ்சு போயிடும்."

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க" என்றார் கெர்லின்ட் அம்மா.

ஃபோல்கர், கூரை ஓட்டின் நிறத்தில்கூட ஒத்துப்போகாத இரண்டு சபையும் முந்நூறு வருடத்தில் முதல் தடவையாக ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டன, அடிப்பதில்லை என்று. சந்தோஷம் தாங்காமல் நோர்பெர்ட் வைன் புட்டியைத் திறந்தார், நம் வழக்கப்படி ஒரே பெரிய குவளை கைக்குக் கை மாறியது, கத்தோலிக்க வாய் வைத்த இடத்தில் லூத்தரன் வாய் வைத்தது. மதநல்லிணக்கம் என்று கெர்லின்ட் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரே அலோயிஸ் குவளையைக் குனிந்து பார்த்தபடி இருந்தான். நானும் கை தூக்கினேன். குறிப்பேட்டில் எழுதியவனும் நான்தான்.

சொல்லவேண்டிய வேலையும் என் தலையில் விழுந்தது. வியாழக்கிழமை காலையில் சொன்னேன். "சரிங்க ஐயா" என்றாள். பிறகு, "இன்னிக்குக் கூண்டுப் படியையும் தொடைச்சிரட்டுமா?" என்று கேட்டாள். வேலை முடிந்ததும் சிவப்பு வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள், நீல வாளியைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்தாள், விதிப்படி.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என்ன நடந்தது என்று எனக்கு எப்படியப்பா தெரியும்? நான் பாட்டுக்கு வீட்டில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். பெரிய மணி அடிக்க ஆரம்பித்தது, பின்னாலேயே சின்ன மணியும் சேர்ந்துகொண்டது, நம் ஊர்க்காரர்கள் செத்தால் அடிக்கும் அதே கால் மணி நேரம் அடித்துவிட்டுத் தானே நின்றது. ஈரக் காற்றுக்கு மின்கம்பி விறைத்திருக்கும். அல்லது புறா. பூட்டிய பெட்டிக்குள் புறா எப்படிப் போகும் என்று கமிட்டி மூன்று வாரம் விசாரித்தது, புறா போன வழி நமக்கெதற்கு? பழுது பார்க்க ஆள் வரப்போகிறார், அவர் வந்து சொல்லட்டும். ஆகவே 'விஷமிகள்' என்ற சொல்லை வாபஸ் வாங்கி, அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடு. அலோயிஸைப் போன்ற வாய் பேசாத மனிதனின் பெயர் கெடக் கூடாது.

உன் அம்மாவின் முழங்கால் வலி தீர எங்கள் பக்கத்துக் கர்த்தரும் அவர்கள் பக்கத்து மாதாவும் ஒருமனதாக அருளட்டும். குழந்தைகளைக் கேட்டதாகச் சொல்.

தங்கள் உண்மையுள்ள வாசகனும் தாய்மாமனுமான,
ரைன்ஹோல்ட்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் போடாதே. 'விஷமிகள்' என்று நீ போட்டதே சரி, பன்மையில் போட்டதும் சரி. அந்த வெள்ளிக்கிழமை நான் போனபோது கூண்டுப் படியில் அலோயிஸ் அவன் சாவியோடு எனக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். இன்னமும் பேசிக்கொள்வதில்லை, வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிக்கொள்கிறோம். இந்தக் கடிதத்தையும் படித்துவிட்டு, மெழுகு விஷயத்தில் நான் பொய் சொல்வதாக ஒரு சீட்டு எழுதியிருக்கிறான். இருக்கட்டும். நீ போடவேண்டிய செய்தி இது: வரும் புதன்கிழமை ஒஸ்தாப் இறந்து நாற்பதாம் நாள், அவர்கள் வழக்கப்படி நினைவு நாள். மூன்று மணிக்குக் கோளாறு மறுபடியும் ஏற்படும். பழுது பார்க்கிறவர் வியாழக்கிழமை வந்தால் போதும். மிரொஸ்லாவாவிடம் அன்று வாளியைத் தொட வேண்டாம், வந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றேன். "நான் எந்தப் பக்கம்ங்க ஐயா உக்காரணும்?" என்று கேட்டாள். அலோயிஸ் போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து கோட்டின் மேலேயே போட்டான், இரண்டு கால் அவர்கள் பக்கம், இரண்டு கால் எங்கள் பக்கம். எந்தக் கமிட்டியாவது வந்து அதை நகர்த்தட்டும், பார்க்கிறேன்.