கதவு திறக்காத ஆட்டம்

"நாலு தடவ தட்டிட்டேன். கதவு தொறக்க மாட்டேங்குது."

குவைத்திலிருந்து கணவன் ஆல்வினின் எண்ணில் செய்தி. திண்டுக்கல் நாகல் நகர் வீட்டில் அறிவுச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து இரண்டே மாதத்தில் அவள் எழுதி அவருக்கு அனுப்பிய முதல் ஆட்டத்தின் கதவு அது. படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டீர்கள். வீட்டுக்குப் போகலாமா?' என்று முதல் வரி கேட்கும். பதில் எழுதி எழுதியே வீடு வந்து சேர வேண்டும்.

மூன்று வருடமாக முதலாளியிடம் லீவு கேட்கக் கூச்சப்படுகிற மனிதர். வெள்ளிக்கிழமை மட்டும்தான் பேச்சு, மற்ற நாளெல்லாம் வெறும் செய்தி. வாங்க வாங்க என்று சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. ஆட்டத்திலாவது வந்து பார்த்தால் ஆசை வந்து லீவு கேட்க மாட்டாரா?

தட்டினால் 'வாங்க' என்று சொல்லும்படி திருத்தி அனுப்பினாள். எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுத மறந்துவிட்டாள்.

"வாங்க வாங்கன்னு ஆயிரம் தடவ வந்திருச்சு. போனு கொதிக்குது. இன்னும் உள்ள விடல."

அதையும் திருத்தினாள். உள்ளே விட்டு, சோறு போட்டு, தொட்டுக்க என்ன வெஞ்சனம் வேண்டும் என்றும் கேட்டாள்.

"கத்திரிக்கா. ஆனா சாப்ட்டு கை கழுவுறதுக்குள்ள மறுபடி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

ஆல்வினுக்குக் கத்திரிக்காயைக் கண்டாலே ஆகாது. மூன்று வருடத்தில் நாக்கே மாறிப்போச்சா என்று அவளுக்கு அழுகை வந்தது. போன லீவும் இப்படித்தான், வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

மறுநாள் வகுப்பில் வினோலியா டீச்சரைப் பிடித்தாள்.

"டீச்சர், உள்ள வந்தவரு திரும்பிப் போகக் கூடாது. அதுக்கு என்ன எழுதணும்?"

"அந்த எடத்துல ஆட்டத்த முடிச்சிருங்க."

"முடியவும் கூடாது டீச்சர்."

டீச்சர் அவளைச் சற்றுப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வகுப்பு முடிந்த பிறகும் இருவரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள். போனை எடுத்தது மீரான். ஆல்வினின் ரூமில் இருப்பவர், இதே திண்டுக்கல்லின் பேகம்பூர்க்காரர்.

"அண்ணே, அவருகிட்ட குடுங்க. ஆட்டத்தச் சரி பண்ணிட்டேன். லீவு கேட்டாரான்னு மட்டும் தெரியணும்."

மீரானுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் கிசுகிசுத்தார்கள்.

"சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னான், தங்கச்சி. மொத வரியப் படிச்ச அன்னைக்கே போய் லீவு வாங்கிட்டான், நேத்து கெளம்பிட்டான். மிச்சம் எட்டு பேரு நாங்கதான் இன்னும் வீடு போய்ச் சேரலன்னு அன்னையில இருந்தே அவன் போனைப் புடுங்கி வச்சுக்கிட்டு வெளையாடுறோம்."