வக்கீல் குழாயும் நர்ஸ் கதவும்

முதல் குடித்தனக்காரர் வந்த அன்று மாடியில் இரும்புக் கட்டிலை இழுத்தார்கள். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கர்ரென்று ஒரு சத்தம். கீழ்வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுச் சொந்தக்காரருக்குக் கட்டிலைத் தன் முதுகிலேயே இழுத்த மாதிரி இருந்தது. கைகூடக் கழுவாமல் மாடிக்கு ஓடினார். புதுத் தரையில் நாலு விரற்கடை நீளத்துக்கு ஒரு கீறல்.

இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. எத்தனையோ பேர் வந்தார்கள், காலி செய்தார்கள். அந்தச் சத்தம் மட்டும் அவர் காதைக் காலி செய்யவே இல்லை.

தராசுகளையும் எடைக்கற்களையும் சோதிக்கும் அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கையில் பூதக்கண்ணாடியோடு மேல்வீட்டுக்குப் போய்ச் சுவர், தரை, ஜன்னல் கம்பி என்று ஒவ்வொன்றாகப் பார்வையிடுவார். தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

மேல்வீட்டில் எதுவும் பழசாக இருக்கக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். எதையும் தூக்கி எறியக் கூடாது என்பது இரண்டாவது. இரண்டு சட்டங்களும் சந்திக்கிற இடம் கீழ்வீடு.

ஒவ்வொரு தடவை வீடு காலியாகும்போதும் புதுசு மேலே ஏறும், பழசு கீழே இறங்கும். இறங்கியவற்றை, விட்டுப் போனவர்களின் தொழிலைச் சொல்லி அழைப்பது அந்த வீட்டு வழக்கம். சமையலறையில் சொட்டிக்கொண்டிருப்பது வக்கீல் குழாய். எவ்வளவு திருகினாலும் பேச்சை நிறுத்தாது. குளியலறையில் நர்ஸ் கதவு. மழைக்காலத்தில் சாத்தாது, வெயில் காலத்தில் திறக்காது. கூடத்தில் டிரைவர் மின்விசிறி. சத்தத்துக்குக் குறைவில்லை, காற்றுதான் வந்து சேராது. இவை அத்தனையோடும் குடும்பம் நடத்தியவள் அவர் மனைவி.

"மேலே பிளம்பர் வந்திருக்காரே, அப்படியே கீழேயும் ஒரு எட்டு பாக்கச் சொல்லுங்களேன்" என்பாள்.

"மேலே இருக்கறவங்க குறை சொல்லுவாங்க. நீ யாருகிட்டே குறை சொல்லப் போறே?"

"உங்ககிட்டேதான்."

"நான்தான் கேக்கறதில்லையே."

அவளுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. காலியான வீட்டை ஒவ்வொரு தடவையும் முட்டிபோட்டுத் தேய்த்துக் கழுவி, முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. சொட்டாத குழாயில் பாத்திரம் கழுவ வேண்டும், நடக்க முடிகிற காலத்திலேயே சாத்துகிற கதவுள்ள குளியலறையில் குளிக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். இரண்டும் தலைக்கு மேலே, பதினெட்டுப் படி தூரத்தில் இருந்தன.

அந்த வருஷம் மேல்வீட்டில் குடியிருந்த பல் வைத்தியர் காலி செய்தார். சாவியைக் கொடுக்கும்போது, "வீடு பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூதக்கண்ணாடிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"இருபத்தெட்டு வருஷம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்த வீடு. பல்லுப் பிடுங்கறவன் பரவாயில்லைங்கறான்."

"நல்ல வார்த்தைதானேங்க."

"முப்பத்தஞ்சு மார்க் வாங்கினவனைச் சொல்ற வார்த்தை. இந்தத் தடவை வர்றவங்க வாயிலேருந்து 'பிரமாதம்'னு வரணும். வரவழைக்காம விடறதில்லை. முழுசாத் தயாராகற வரைக்கும் யாரும் வந்து பாக்கவும் கூடாது. வேணும்கறதைத் தரகர்கிட்டே சொல்லி அனுப்பட்டும்."

"என்ன கேட்டாலும் செய்வீங்களா?"

"என்ன கேட்டாலும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் கடைக்குப் போனவள் திரும்பிவர வழக்கத்தைவிடச் சற்று நேரமாயிற்று. அதற்கு அடுத்த நாள் தரகர் வந்தார்.

"ஒரு பார்ட்டி இருக்கு சார். வயசான அம்மா, கூட அவங்க கணவர். ரெண்டே பேர். ஆனா அந்த அம்மா பாத்துப் பாத்துக் கேப்பாங்க."

"கேக்கட்டும். இப்ப இருக்கற வீட்டை ஏன் விடறாங்க?"

"அங்க ஒண்ணும் சரியில்லையாம் சார். குழாய் சொட்டுது, கதவு சாத்தலை. சொல்லிச் சொல்லி அந்த அம்மாவுக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். வீட்டுக்காரர் காதுல போட்டுக்கறதே இல்லையாம்."

"அவனெல்லாம் ஒரு வீட்டுக்காரனா?" பூதக்கண்ணாடி மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா கதையை?"

"கேட்டேன்" என்றாள் அவள். "நல்லாக் கேட்டேன்."

"சரி, கூட இருக்கற புருஷன் என்ன பண்றார்? அவர் தட்டிக் கேக்க மாட்டாரா?"

தரகர் கொஞ்சம் யோசித்தார். "அவர் அந்த வீட்டுக்காரர் சொல்றதுதான் சரிங்கறவர் சார்."

"சுத்தக் கையாலாகாதவன்."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் மனைவி. "மத்தபடி நல்ல மனுஷராத்தான் இருப்பார்."

அன்றிலிருந்து தரகரின் கைப்பேசியில் கோரிக்கை மேல் கோரிக்கையாக வந்தது. சிங்க்கை ஒரு சாண் உயர்த்த வேண்டும். அந்த அம்மாளால் குனிய முடியாது. குளியலறையில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு கம்பி வேண்டும். சமையலறை ஜன்னல் சின்னது, பெரிசாக்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டு கைக்கு எட்ட வேண்டும். மின்விசிறி ஓடுவது கண்ணுக்குத் தெரியலாம், காதுக்குத் தெரியக் கூடாது.

பூதக்கண்ணாடி ஒன்றுக்கும் அசரவில்லை. "இன்னும் கேக்கச் சொல்லுங்க" என்று மார்தட்டினார். கொத்தனார் வந்தார், பிளம்பர் வந்தார், தச்சர் வந்தார். மூவரையும் முறைவைத்துக்கொண்டு விரட்டினார். ஓடுகளின் இடைவெளியை அளவுகோல் வைத்து அளந்தார். பல் வைத்தியர் காலத்துச் சிங்க்கைக் கொத்தனார் பெயர்த்ததும் வழக்கம்போலக் கீழே இறக்கச் சொன்னார். மற்ற தடவையென்றால் மனைவி வாசற்படியில் மறித்துக்கொண்டு நிற்பாள். இந்தத் தடவை, "அப்படியே அந்த மூலையில வைங்க" என்று வழிவிட்டாள். அடடா, பொறுப்பு வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சுவருக்கு வெளிர்பச்சை வேண்டும் என்று பார்ட்டி சொல்லியிருந்தது. வெளிர்பச்சையில் ஒன்பது வகை இருந்தது. "இதுல எது நல்லா இருக்கு, நீயே சொல்லு" என்று அட்டையை மனைவியிடம் நீட்டினார். ஒரு நிறத்தைப் பற்றி அவளை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அட்டையை ஜன்னலோரம் வைத்து இரண்டு நாள் பார்த்தாள்.

பிறகு ஒப்பந்தம் வந்தது. அதில் அவரே இயற்றிய இருபத்திரண்டு விதிகள். ஆணி அடிக்கக் கூடாது, சாமான்களை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும், விருந்தாளிகள் மூன்று நாளைக்கு மேல் தங்கக் கூடாது. பூதக்கண்ணாடியை வைத்து மூன்று தடவை படித்தார். பதினேழாவது விதியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்துப் போட்டார். மேலே முதல் வரியில் இருந்த குடித்தனக்காரர் பெயர் அவர் எழுதியதல்ல. அதனால் அதைப் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை. இஸ்திரி போட்ட சட்டையோடு, சாவியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, மேல்வீட்டு வாசலில் நின்றார். இரண்டு ஆட்கள் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். பீரோ எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. பின்னால் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி வந்தாள்.

"பாத்துப்பா, இழுக்காதே. தூக்கி வை" என்றாள் ஆட்களிடம்.

"நம்ம பீரோவை எதுக்கு இங்கே கொண்டு வர்றே? பார்ட்டி வர்ற நேரம்."

"பார்ட்டி வந்தாச்சு. சாவியைக் கொடுங்க."

ஒப்பந்தத்தை நீட்டினாள். அவர் இப்போது முதல் வரியைப் படித்தார். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

"இது ஏமாத்து வேலை. இது செல்லாது."

"கீழே இருக்கறது யாரு கையெழுத்து?"

"என் கையெழுத்துதான்."

"நல்லாப் போட்டிருக்கீங்க."

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். சமையலறையில் குழாயைத் திறந்தாள். மூடினாள். நின்றது. இன்னொரு தடவை திறந்து மூடினாள். புது ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் பச்சைச் சுவரில் விழுந்திருந்தது. அவள் சிங்க்கின் விளிம்பில் கையை ஊன்றி, குனியாமல், கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"பிரமாதம்" என்றாள்.

இருபத்தெட்டு வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை. இப்போது கையில் கிடைத்தும் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நான் கீழேதான் இருப்பேன்" என்றார். "அது என் வீடு. ஒரு குறையும் இல்லாத வீடு. யாரு தயவும் எனக்கு வேண்டாம்."

"இருங்க. சாப்பாடு மட்டும் இங்கே வந்து சாப்பிட்டுப் போங்க. விருந்தாளி வரக் கூடாதுன்னு விதி இல்லை."

வீராப்பாகத்தான் இறங்கினார். முதல் நாள் வக்கீல் குழாய் வாதாடியது. இரண்டாம் நாள் டிரைவர் மின்விசிறி காதுக்குள் வண்டி ஓட்டியது. மூன்றாம் நாள் காலை குளிக்கப் போனவரை நர்ஸ் கதவு ஒன்றரை மணி நேரம் வெளியே விடவில்லை. உள்ளிருந்து அவர் கூப்பிட்டது மாடிக்குக் கேட்கவில்லை. மேலே கதவு, ஜன்னல் எல்லாம் அவ்வளவு கச்சிதமாகச் சாத்தும்படி செய்திருந்தார். கடைசியில் தபால்காரர்தான் வந்து கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

நாலாம் நாள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதினெட்டுப் படி ஏறினார்.

"மூணு நாள் முடிஞ்சு போச்சே" என்றாள் அவள், கதவைப் பாதி திறந்து.

"நான் என்ன விருந்தாளியா?"

"பத்திரத்துல 'உடன் வசிப்பவர் ஒருவர்'னு ஒரு இடம் போட்டிருக்கு. அது இன்னும் காலியாத்தான் இருக்கு. இருபத்திரண்டு விதிக்கும் கட்டுப்படறதா இருந்தா வாங்க."

அவர் செருப்பைக் கழற்றி, வரிசையாக வைத்துவிட்டு, உள்ளே போனார்.

கீழ்வீட்டை வாடகைக்குக் காட்டியபோது வந்தவர்கள் சமையலறையோடு திரும்பிப் போனார்கள். அத்தனையையும் மாற்ற அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. மேல்வீட்டு ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை, பதினைந்து தடவை புதுப்பித்தார்கள். அந்த அம்மாள் கடைசிவரை அங்கேயே இருந்தாள். அந்த வீட்டில் வேறு எந்தக் குடித்தனக்காரரும் அவ்வளவு காலம் இருந்ததில்லை.