செருப்பு வருகிறது

சித்திரபுரம்,
தவக்காலம் நாலாம் ஞாயிறு கழிந்த செவ்வாய்.

அன்பு மச்சினன் சகாயத்துக்கு,

அத்தான் சூசையப்பன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் பசுவும் சுகம். உன் அக்காள் கத்தரீனாளின் சுகத்தை நீதான் எனக்கு எழுத வேண்டும், எட்டு நாளாய் அவள் உடும்பஞ்சோலையில் உன் வீட்டில் இருப்பதால். போனில் கேட்கலாமே என்பாய். கேட்டேன். உன் போனை அவளே எடுத்து, "ராங் நம்பர். மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றாள். ஆச்சு என்றேன். வைத்துவிட்டாள். ஆகையால் இந்தக் கடிதம்.

நடந்ததை உன் அக்காள் ஒருவிதமாகச் சொல்லியிருப்பாள். நான் நடந்தபடியே சொல்கிறேன். உன் அப்பா, என் மாமனார், எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார், எழுதி வைத்த ஊதாரி மகன் இசைநாடகத்தைத் தவக்காலத்து ஞாயிறுகளில் உங்கள் கோவிலில் நீ போடுகிறாய், எங்கள் கோவிலில் கமிட்டி போடுகிறது. பாட்டு ஒன்று, வசனம் ஒன்று, ஆனால் ஆட்டம் ஒன்றில்லை. முப்பது வருசம் கரண்ட் ஆபீசில் மீட்டர் பார்த்த கண்ணுக்கு அது தப்புமா? பதினோரு வருசமாய் ரெண்டு ஊர் நாடகத்தையும் பார்த்து நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் பன்றி மூணு, எங்கள் ஊரில் ரெண்டு. உங்கள் மகன் ஏழாவது அடியில் முழங்கால் போடுகிறான், எங்கள் மகன் ஒன்பதாவது அடியில். விளக்கு உங்களுக்கு வலது பக்கம், அது ஏனென்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. என்னைப் போல இதே வேலையாய் இருக்கிறவர்கள் இங்கே பத்துப் பேர், அதற்கொரு வாட்ஸ்அப் குரூப்பும் உண்டு. அட்மின், தேயிலைக் கொழுந்துக்காட்டில் கங்காணியாய் இருந்து ரிட்டையர் ஆன பெரியம்மாள்.

எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம் செருப்பு. மகன் திரும்பி வருகிறான், அப்பன் கட்டிப்பிடிக்கிறார், நாடக நோட்டில் அடுத்த வரி "செருப்பு வருகிறது". அவ்வளவுதான். எங்கள் ஊரில் வேலைக்காரன் தாம்பாளத்தில் செருப்பைக் கொண்டுவருவான். வேதத்திலும் அப்படித்தானே இருக்கிறது? நீ இந்த வருசம் என்ன செய்தாய்? அப்பன் தன் காலில் கிடந்த செருப்பையே கழற்றி, குனிந்து, மகன் காலில் போடுகிறார். ரெண்டாம் ஞாயிறு நாங்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் ராஜாக்காடு வரைக்கும் உன் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். "தம்பி போட்டதுதான் சரி" என்றாள். வேதத்தை எடுத்துச் சொன்னேன். "வேலைக்காரன்கிட்டச் சொல்லிச் செருப்புப் போடுதவன்லாம் ஒரு அப்பனா?" என்றாள். அதற்கு லூக்காவே பதில் சொல்ல முடியாது, நான் எங்கே சொல்ல?

மூணாம் ஞாயிறு எங்கள் ஊர் நாடகம். சாயங்காலம் காட்டு யானை இறங்குகிறதால் மத்தியானம் மூணு மணிக்கே ஆரம்பித்துவிட்டோம். உன் அக்கா முன்வரிசை. வேலைக்காரனாக ஜீப்பு ஓட்டுகிற ஜோஜோ. அவன் தாம்பாளத்தோடு வருகிறான், ஆர்மோனியம் நிற்கிறது, சபை மூச்சுவிடாமல் இருக்கிறது, அந்த நேரம் பார்த்து உன் அக்கா "ம்ஹும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. ஜோஜோ திரும்பிப் பார்த்தான், தாம்பாளம் சாய்ந்தது, ஒரு செருப்பு மேடையிலிருந்து விழுந்து உருண்டு, பங்குச்சாமி காலடியில் போய் நின்றது. சாமி அதை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார். மகன் வேறு வழியில்லாமல் ஒற்றைச் செருப்போடு முழுப் பாட்டையும் பாடி முடித்தான். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். வீடு வருவதற்குள் பெரியம்மாள் குரூப்பில் போட்டுவிட்டாள்: "இந்த வருசம் ஒரு செருப்பு. அதாவது பாதி மன்னிப்பு. மீதி அண்ணன்கிட்ட வாங்கணும்." அதற்கு நாற்பது பதில். இப்படி யோசிக்க யாரால் முடியும் என்று கமிட்டிக்குப் பாராட்டு வேறு. ஜோஜோ மட்டும் கீழே, "சத்தியமா கை வழுக்கிருச்சு" என்று எழுதினான். அவனை யாரும் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து, "உன் ம்ஹும்னாலதான் இவ்வளவும்" என்றேன். "நான் தொண்டையைச் செருமினேன்" என்றாள். "எனக்குத் தெரியாதா உன் செருமல்?" என்றேன். பேச்சு வளர்ந்தது. வளர்ந்த பேச்சில் ஒன்று சொல்லிவிட்டேன், சகாயம். "உங்க அப்பா ஒழுங்கா எழுதத் தெரியாம எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு, அதுக்கு நாம அடிச்சுக்கிடுதோம்"னேன். அவ அடுப்பை அணைச்சா. மறுநாள் காலைல ஜோஜோ ஜீப்புல ஏறிட்டா. போறப்போ, "அரிசி இடது டப்பா"ன்னு மட்டும் சொன்னா.

நாலு நாள் கழித்து, மாமா எழுதத் தெரியாமல்தான் எழுதினார் என்று காட்டிவிடலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்து அவருடைய அசல் நோட்டை எடுத்தேன். உனக்கும் எங்கள் கமிட்டிக்கும் உள்ள பிரதி ரெண்டும், அவர் காலமான பிறகு, என் கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று பங்குக் கோவிலில் என்னிடம் கொடுத்து எழுதவைத்ததுதான். "செருப்பு வருகிறது" என்ற இடத்தில் ரெண்டு தாள் ஒட்டிக்கிடந்தது. மழைக்கால ஈரம், அன்றைக்கும் ஒட்டித்தான் கிடந்திருக்கும். கஞ்சிச் சட்டி ஆவியில் காட்டிப் பிரித்தேன். உள்ளே அவர் எழுத்து: "புதன்கிழமை, மூணாறு பஸ்ஸில். வாங்கிவர ஆள் அனுப்பணும். ஆர்மோனியத்துக்கு எண்ணெய்."

சகாயம், அது நாடகமே இல்லடே. நாடகத்துக்குச் செருப்பு வாங்கச் சொல்லி வச்சிருக்காரு, அது எப்போ வரும்னு தனக்காகக் குறிச்சு வச்ச குறிப்பு. அதை நான் பார்க்காம பாதியில வெட்டி எழுதி, ரெண்டு ஊரும் இத்தனை வருசமா அதை ஆடிட்டிருக்கு. எழுதத் தெரியாதவன் உங்க அப்பா இல்ல.

நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் முந்தாநாள் ஞாயிறு உங்கள் ஊருக்கு வந்தேன். நீ பார்த்திருக்க மாட்டாய், கடைசி பெஞ்சு, குரங்குத்தொப்பி. முதல் வரிசையில் உன் அக்கா. உங்கள் ஊர் அப்பன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தப் பனியில், வெறும் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு, வெளியே கோபித்து நிற்கிற மூத்தவனைக் கூப்பிடப் போகிறாரே, அதைப் போன தடவை நான் கவனிக்கவில்லை. விளக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். பக்கத்திலிருந்த ஏலக்காய்க் கடைக்காரர் தேம்பித் தேம்பி அழுகிறார். இந்த ஜனத்திடம் போய், இது பஸ் குறிப்பு என்று எப்படிச் சொல்ல? அவகிட்டதான் எப்படிச் சொல்ல? பாட்டு முடியறதுக்குள்ள எந்திரிச்சு பஸ் ஏறிட்டேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது: உன் அக்காளிடம் பக்குவமாய்ப் பேசி அனுப்பிவை. அப்பாவைச் சொன்னது தப்பு என்று அத்தான் சொன்னார் என்று சொல். நோட்டு விஷயத்தை மட்டும் அவளிடம் மூச்சுவிடாதே, தாங்கமாட்டாள். உன் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் மாதாவின் காவல் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சூசையப்பன்

பி.கு.: இன்றைக்குப் புதன். இதைத் தபாலில் போட இறங்கினால் பஸ்ஸிலிருந்து உன் அக்கா இறங்குகிறாள். கையிலிருந்து கடிதத்தை வாங்கி, ஸ்டாப்பிலேயே நின்று முழுக்கப் படித்தாள். நான் பஸ் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சிரித்தாள். "வாங்கிவர அப்பா அனுப்பின ஆளே நான்தான். எனக்குப் பத்து வயசு, தம்பிக்கு மூணு. மலை இடிஞ்சு பஸ்ஸே வரல. செருப்பில்லாமதான் அப்பா நாடகம் போட்டாக. மகன் வெறுங்காலோட வீட்டுக்குள்ள போனான்" என்றாள். இத்தனை வருசம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே, நோட்டுலதான எழுதிட்டிருந்தீக" என்றாள். குடையை என் கையில் கொடுத்துவிட்டு, மாட்டைப் பார்க்க முன்னால் நடந்தாள்.