யாருக்கும் தெரியாத மொழி

கடலுக்கு முதுகையும் மலைக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு மருதவெளி என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. அப்படியே கிடைத்தாலும் அது வேறு நாடாகத்தான் இருக்கும். எதற்கு வீண் வம்பு என்று இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்த நாட்டின் தலைநகரில், பள்ளிக்கூட வாசலில், மாசிலா என்ற பெண் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள். கணவன் திருமாறன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி கடலிலேயே கழிந்துவிடும். ஒரே மகள் நங்கை. அவளுக்கு மருத்துவம் படிக்கக் கொள்ளை ஆசை. தெருவில் ஒரு கோழி நொண்டினால்கூடப் பிடித்து வைத்துக் காலைத் தடவிப் பார்ப்பாள். ஆனால் மருத்துவச் சாலையில் சேரப் பள்ளி முத்திரை வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கடலை விற்க வேண்டியதுதான். கடலை விற்பது கேவலமில்லை. ஆனால் வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து தன் உடம்பு என்ன கதியானது என்று மாசிலாவுக்குத் தெரியும். மகளுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

ஒருநாள் மன்னர் துறைமுகத்தைப் பார்வையிடப் போனார். அங்கே ஓர் அயல்நாட்டு வணிகன் அவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். மன்னரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். அவன் சொன்னது தன் தொப்பையைப் பற்றி என்பது அரண்மனைக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. அன்று மாலையே ஆணை பிறந்தது. ஒவ்வொரு மாணவரும் ஓர் அயல்மொழி கற்றே ஆக வேண்டும். கல்லாதவருக்கு முத்திரை இல்லை.

இதில் என்ன தப்பு என்று கேட்டால், ஒரு தப்பும் இல்லை. மாசிலா மகிழ்ந்துதான் போனாள். துறைமுகத்தில் ஏற்கெனவே ஒரு மொழிப்பள்ளி இருந்தது. ஆறு கடல் தாண்டி வந்து இங்கேயே வாழ்க்கைப்பட்ட ஓர் அம்மாள் அங்கே தன் மொழியைச் சொல்லிக்கொடுத்தாள். நங்கை அங்கே சேர்ந்து, சீக்கிரமே கப்பல்காரர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேரம் பேசிக் கடலை விற்க ஆரம்பித்துவிட்டாள். அவையின் எதிர்வரிசைத் தலைவர் மட்டும் சந்தைத் திடலில் ஏறி, அயல்மொழி நம் நெஞ்சில் பாயும் ஈட்டி என்று முழங்கினார். முழங்கி முடித்த கையோடு தம் மைத்துனர் நடத்தும் அயல்மொழிப் பயிற்சிக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டப் போனார்.

காரியம் ஒழுங்காக நடந்தால் அமைச்சரவைக்குத் தூக்கம் வராது அல்லவா. கல்வி அமைச்சர் ஞானசிகாமணியார் அவையில் எழுந்தார்.

"மன்னா, அயல்மொழி என்பது யாது? நமக்கு அயலாக இருப்பது. நம் நாட்டில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டாலும் அது நம்முடையதாகிவிடுகிறது. துறைமுகப் பள்ளியில் கற்பிக்கும் மொழி அங்குள்ள ஆசிரியைக்கே தெரிந்திருக்கிறது. இது அப்பட்டமான மோசடி."

"அப்படியானால் ஆசிரியருக்கும் தெரியாத மொழிதான் உண்மையான அயல்மொழி என்கிறீர்?"

"மன்னரே அருளியபின் அதில் ஐயம் ஏது."

துறைமுகப் பள்ளியை இழுத்துப் பூட்டினார்கள். அந்த அம்மாளைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். பள்ளிகளுக்குப் புதிய ஆசிரியர்கள் வந்தார்கள். எந்த மொழியும் தெரியாது என்று சத்தியம் செய்தவர்களுக்கே வேலை. ஆசிரியர் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார், பிள்ளைகளும் திறந்து பார்ப்பார்கள், மணி அடித்ததும் எல்லாரும் மூடுவார்கள். அப்படியும் நங்கை மாதிரி சில பிள்ளைகள் படத்தைப் பார்த்து, எழுத்தைக் கூட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்ளத் தொடங்கினார்கள். விஷயம் தெரிந்ததும் ஞானசிகாமணியார் பதறிப்போனார். பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டதால் அந்த மொழி நீக்கப்பட்டு வேறு மொழி வந்தது. அதையும் சிலர் புரிந்துகொண்டார்கள். அதுவும் போயிற்று. வருஷத்துக்கு ஒரு மொழி மாறியது. அமைச்சரின் பிள்ளைகள் மட்டும் அயல்நாட்டிலேயே தங்கி அயல்மொழி படித்தார்கள். அவர்கள் அங்கே இருக்கும்வரை அது சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

இதற்கிடையில் திருமாறனின் கப்பல் வந்து சேர்ந்தது. மாசிலா மீன்குழம்பு வைத்து ஆற விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினாள். துறைமுக அதிகாரிகள் அவனை இறங்க விடவில்லை. கப்பலில் போனவன் மூன்று மொழி பேசுகிறான், அவன் கரையில் கால் வைத்தால் மூன்று மொழியும் நாட்டுக்குள் வந்துவிடும், பிள்ளைகள் படித்ததெல்லாம் வீணாகிவிடும் என்றார்கள். மறந்தால் வரலாம்.

மாசிலா படகுத்துறையின் ஓரத்தில் நின்றுகொண்டு சொன்னாள்: "மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்களேன்."

"சொன்னேன் மாசிலா," என்றான் அவன், கப்பலின் கைப்பிடியைப் பிடித்தபடி. "சரி, போன்னாங்க. நாலு எட்டு வெச்சதும் பின்னாலேர்ந்து நான் போன ஊர்ப் பேச்சுல, ஏய் உன் துண்டு விழுந்துடுச்சுன்னு ஒரு குரல். சட்டுன்னு திரும்பிட்டேன்."

"அந்த அதிகாரிக்கு மட்டும் அந்தப் பேச்சு எப்படித் தெரியுமாம்?"

"அதைக் கேட்டதுக்குத்தான் இன்னும் ஒரு வருஷம் சேத்துப் போட்டிருக்காங்க."

நங்கை அன்றைக்கு அப்பாவைத் தூரத்திலிருந்து பார்த்துக் கையசைத்துவிட்டு வந்தாள். வீட்டில் குழம்பு ஆறிக் கிடந்தது. இருவரும் சாப்பிடவில்லை.

அதன்பிறகு வந்ததுதான் பெரிய இடி. மேற்பார்வையாளர் ஒருவர் பள்ளிக்கு வந்து, "உன் பெயர் என்ன?" என்று வகுப்பில் கேட்டார், நம் மொழியிலேதான். ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. புரிந்தது என்று காட்டிக்கொண்டால் எந்த மொழி பறிபோகும், யாருக்கு முத்திரை போகும் என்று அத்தனை பேருக்கும் உள்ளூர நடுக்கம். மேற்பார்வையாளர் தலைநகருக்கு ஓடினார். ஞானசிகாமணியார் முகம் மலர அவையில் எழுந்தார்.

"மன்னா, நற்செய்தி. நம் மொழி நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே இனி அதுவே நம் கட்டாய அயல்மொழி. வேறு மொழிகளை வெளியிலிருந்து தருவிக்கும் செலவு மிச்சம்."

மன்னர் சற்று யோசித்தார். "அப்படியானால் நாம் இப்போது பேசுவது என்ன மொழி?"

"நாம் பேசுவது மொழி அல்ல, மன்னா. நிர்வாகம்."

நம் மொழி தெரியாது என்று நம் மொழியிலேயே ஆசிரியர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். எந்த வீட்டில் யாராவது அதைப் பேசுகிறார்களோ அந்த வீட்டுப் பிள்ளைக்கு முத்திரை கிடையாது என்று தெருத்தெருவாகத் தமுக்கு அடித்தார்கள். தமுக்கு அடித்தவனும் அதை நம் மொழியில்தான் சொன்னான். அவன் அரசு ஊழியன், அவன் பேசினால் அதற்கு நிர்வாகம் என்று பெயர். சன்னலுக்குச் சன்னல் ஒற்றர்கள் காது வைத்தார்கள். மாசிலா வாயை மூடிக்கொண்டாள். கடலைக்கு விரலைக் காட்டி விலை சொன்னாள். வீட்டில் தாயும் மகளும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். நங்கைக்குக் காய்ச்சல் வந்த அன்று, எங்கேடி வலிக்குது என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. மாசிலா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு மகளின் உடம்பை ஓரோர் இடமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழுகையை அடக்குவதைவிடப் பேச்சை அடக்குவது கஷ்டம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முத்திரைக்கான வாசிப்புத் தேர்வு நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் கூடியது. மகள் தப்பாக வாசிப்பாள் என்ற பயமல்ல. நன்றாக வாசித்துவிடுவாள் என்ற பயம். அயல்மொழி அயல்மொழியாகத்தான் வாசிக்கப்பட வேண்டும். சரளமாக வாசித்தவருக்கு அங்கேயே கதை முடிந்தது. மாசிலா மகளை உட்கார வைத்துத் திக்கப் பழக்கினாள். ஒரு வரி தடங்கலில்லாமல் வந்துவிட்டால் தொடையில் ஒரு கிள்ளு. கிள்ளிவிட்டு அந்த இடத்தைத் தானே தேய்த்தும் விடுவாள்.

தேர்வை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பூட்டிக் கிடந்த அதே துறைமுகப் பள்ளியில். உள்ளே இருந்த புத்தகங்களைக் கறையான் தின்று தீர்த்து, மூலையில் ஆள் உயரத்துக்குப் புற்று எழுப்பியிருந்தது. புற்றில் நல்லபாம்பு நடமாடுகிறது என்று காவல்காரர் முன்கூட்டியே போய்ச் சொன்னார். "பாம்பு வனத்துறையைச் சார்ந்தது. நாம் கல்வித்துறை" என்று பதில் வந்தது.

தேர்வன்று பிள்ளைகள் ஒரு பக்கம் வரிசையாக நிற்க, பெற்றோர் எதிர்ப்பக்கம் விசிப்பலகைகளில் உட்கார்ந்தார்கள். பெற்றோர் முகத்தில் எதுவும் புரிந்ததற்கான அறிகுறி தென்படக் கூடாது. ஞானசிகாமணியார் தம் பரிவாரத்தோடு மேடையில் அமர்ந்திருந்தார். நங்கையின் முறை வந்தது. புற்று இருந்த மூலைக்கு அருகில் நின்று, "ம... மழை... பெ... பெய்... தது" என்று வாசித்தாள். அழகாகத் திக்கினாள். மேற்பார்வையாளர் திருப்தியோடு தலையாட்டி, முத்திரைக் கட்டையை மையில் தோய்த்தார். மாசிலாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மகள் வெள்ளை உடுப்போடு மருத்துவச் சாலைப் படியேறுவதைக்கூட ஒரு கணம் பார்த்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் புற்றிலிருந்து அது வெளியே வந்தது. சாவகாசமாக நெளிந்து நங்கையின் பாதத்தை நோக்கிப் போனது. நங்கை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் அமைச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்திரைக் கட்டை மையில் இருந்து எழுந்து காற்றில் நின்றது. அது இறங்கட்டும், ஒரே ஒரு கணம், என்று மாசிலாவுக்குத் தோன்றியது உண்மை. அப்படித் தோன்றியதற்காக அவள் பிறகு பல நாள் தன்னையே வைதுகொண்டாள்.

"நங்கை, பாம்புடி. காலைத் தூக்கு."

நங்கை காலைத் தூக்கித் துள்ளி விலகினாள். அவள் மட்டுமா? பெற்றோர் அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டு பலகைமேல் ஏறினார்கள். எந்த மொழியும் தெரியாத ஆசிரியர்கள் சன்னலில் தொற்றினார்கள். மேற்பார்வையாளர் முத்திரைக் கட்டையை எறிந்துவிட்டு மேசைமேல் நின்றார். எல்லாருக்கும் முன்னால் நாற்காலிமேல் ஏறி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் கல்வி அமைச்சர் ஞானசிகாமணியார்.

பாம்பு இந்தக் கூத்தைக் கொஞ்ச நேரம் தலை தூக்கிப் பார்த்துவிட்டுப் புற்றுக்குள் திரும்பிப் போனது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது. யாரோ ஒருவர் சிரித்திருந்தால் போதும், மற்றவர்களும் சிரித்திருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அமைச்சர் நாற்காலியிலிருந்து இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"இங்கே யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஓர் ஒலி எழுந்தது, கால்கள் எழுந்தன. இது கால்களின் ஒழுங்கீனமே அன்றி மொழியறிவு அன்று."

"தாங்கள் எழுந்தது, ஐயா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர், மேசையிலிருந்து இறங்கியபடி.

"கல்விக்கு மரியாதை செய்யும்பொருட்டு."

அன்று மாலையே ஆணை வந்தது. தேர்வு செல்லாது. வரும் பௌர்ணமியன்று அதே மண்டபத்தில் மறுதேர்வு நடக்கும். அன்று பிள்ளைகளும் பெற்றோரும் விசிப்பலகையில் உட்கார வேண்டும். அனைவருடைய கால்களும் பலகையோடு சேர்த்துக் கட்டப்படும். வாயையும் கட்டலாம் என்று அவையில் ஒருவர் சொன்னாராம். அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று மன்னர் பெருந்தன்மையோடு மறுத்துவிட்டார். கயிற்றை அவரவரே கொண்டுவர வேண்டும். எதிர்வரிசைத் தலைவர் திடலில் ஏறி, மக்களின் கால்களில் விலங்கா என்று கண்ணீர் விட்டார். கயிறு அவருடைய மைத்துனரின் பயிற்சிக்கூட வாசலில் கிடைத்தது.

மாசிலாவும் அங்கே போய் வரிசையில் நின்று வாங்கினாள். வேறு என்ன செய்வாள்? மருத்துவச் சாலைக்கு வயது வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் நங்கையைச் சேர்க்க மாட்டார்கள். கயிறு புதுசு, உறுதியானது, கையை அறுத்தது. வீட்டுக்கு வந்து சன்னலைச் சாத்தினாள். கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்தாள். பிறகு மகளின் அருகில் உட்கார்ந்தாள்.

நங்கைதான் முதலில் பேசினாள். மெல்லிய குரலில், ஒரு திக்கும் இல்லாமல்.

"அந்தப் பாம்பைப் புடிச்சிட்டாங்களாம்மா?"

"இல்லடி. வனத்துறைக்குச் சொல்லணுமாம். அவங்க, அது கல்வித்துறைக் கட்டடத்துல இருக்கு, நாங்க நுழைய முடியாதுங்கறாங்களாம்."

"மறுபடியும் வந்துச்சுன்னா?"

"நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன். கண்ணைச் சிமிட்ட மாட்டேன். வந்தா உடனே சத்தம் போடுறேன். முத்திரை போனாப் போயிட்டுப் போகுது."

நங்கை அம்மாவின் மடியில் கிடந்த கயிற்றை எடுத்துப் பார்த்தாள்.

"நீ சொல்றது எனக்குப் புரியும்மா," என்றாள். "ஆனா காலைக் கட்டியிருப்பாங்களே?"